விருப்பாட்சியில் தங்கிய சிவகங்கை ராணி: திண்டுக்கல் சீமையின் தலையெழுத்தை மாற்றிய அரச கல்யாணங்கள்

திண்டுக்கல்லில் இருந்து பழனி பஸ் ஏறினால், ஒட்டன்சத்திரம் தாண்டியதும் விருப்பாட்சி வரும். மலை வாழைப்பழத்துக்குப் பேர் போன ஊர். 2008-ல் விருப்பாட்சி, சிறுமலை வாழைப்பழங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாதயாத்திரை போகிறவர்களுக்கு இது வழியில் வரும் ஓர் ஊர், அவ்வளவுதான்.

ஆனால் 250 வருஷத்துக்கு முன்னால், புருஷனைப் போரில் பறிகொடுத்த ஒரு ராணி, தன் மகளைக் கூட்டிக்கொண்டு அடைக்கலம் தேடி வந்த ஊர் இது. பிறந்த வீடு ராமநாதபுரம் அரண்மனை. புகுந்த வீடு சிவகங்கை அரண்மனை. அப்படிப்பட்ட வேலு நாச்சியார் எதற்காக இவ்வளவு தூரம் மேற்கே வர வேண்டும்? பொறந்த வீட்டுக்கே போயிருக்கலாமே?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், சண்டைகளைவிட கல்யாணங்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கும். யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் கொடுக்க மறுத்தார்கள், யாருக்கு வாரிசு இல்லாமல் போனது என்பதெல்லாம் சேர்ந்துதான் 17, 18-ம் நூற்றாண்டுகளில் மதுரை, திண்டுக்கல் சீமையின் கதையைத் தீர்மானித்தன.

கல்யாணமா, உடன்படிக்கையா?

ராஜ வீட்டுக் கல்யாணம் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. படை உதவி, வரிச் சலுகை, எல்லைத் தகராறு, பட்டத்து உரிமை என எல்லாம் அதில் அடங்கும். இன்றைக்கு இரண்டு நாடுகள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தின் வேலையை அன்றைக்குத் தாலி செய்தது.

இது சோழர் காலத்திலேயே இருந்த பழக்கம். முதலாம் ராஜராஜனின் மகள் குந்தவையை வேங்கி நாட்டுச் சாளுக்கிய இளவரசர் விமலாதித்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர்களின் மகன் ராஜராஜ நரேந்திரனுக்கு, ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கை மனைவியானார். அந்தத் தம்பதியின் மகன்தான் 1070-ல் சோழ சிம்மாசனத்தில் ஏறிய முதலாம் குலோத்துங்கன். அப்பா வழியில் சாளுக்கியர், அம்மா வழியில் சோழர். அதாவது, பெண் கொடுத்த வீட்டுக்கே பேரன் ராஜாவாகத் திரும்பி வந்தார்.

சம்பந்தம் நல்லபடியாக அமைந்தால் இப்படி ராஜ்ஜியம் நிலைக்கும். அமையாமல் போனால்?

ஒரு பெண் கேட்பு, ஒரு ராஜ்ஜியத்தின் முடிவு

திண்டுக்கல் அப்போது மதுரை நாயக்கர் ராஜ்ஜியத்தில் இருந்தது. மலைக்கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கியவர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். பிற்பாடு திருமலை நாயக்கர் காலத்தில் அது பலப்படுத்தப்பட்டது.

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் (1659-1682), தஞ்சாவூர் விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டார். தஞ்சாவூரார் மறுத்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏற்கெனவே பகை இருந்தது. பெண் தர மாட்டோம் என்ற பதில், அந்தப் பகையைப் போராக மாற்றியது.

1673-ல் மதுரைப் படை தஞ்சாவூருக்குள் புகுந்தது. விஜயராகவ நாயக்கர் சண்டையில் இறந்தார். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று அந்தப்புரத்துப் பெண்கள் இருந்த பகுதியை வெடிமருந்து வைத்துத் தகர்த்ததாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. யாரைக் கேட்டுச் சண்டை நடந்ததோ, அந்தப் பெண்ணின் விருப்பம் என்னவென்று எந்த நூலிலும் ஒரு வரி இல்லை.

சொக்கநாதருக்காவது லாபம் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. தஞ்சாவூரைப் பார்த்துக்கொள்ள அவர் அனுப்பிய அழகிரி நாயக்கர் கொஞ்ச நாளிலேயே தனியாக ஆளத் தொடங்கினார். தஞ்சை வாரிசுக்கு ஆதரவாக பீஜப்பூர் சுல்தான் அனுப்பிய தளபதி ஏகோஜி வந்தார். வந்தவர் தஞ்சாவூரைத் தனக்கே எடுத்துக்கொண்டார். இவர் சத்ரபதி சிவாஜியின் தம்பி, மாற்றாந்தாய் மகன். அதன் பிறகு 1855 வரை தஞ்சாவூரில் மராட்டியர் வம்சம்தான்.

மங்கம்மாளும் மீனாட்சியும்

சொக்கநாதரின் மனைவிதான் ராணி மங்கம்மாள். அவர் எந்த ராஜாவின் மகளும் இல்லை. தளபதி லிங்கம நாயக்கரின் மகள். பொறந்த வீட்டுப் படை பலமோ, சீர் வரிசையாக வந்த நிலமோ அவருக்குப் பின்னால் இல்லை. ஆனாலும் மதுரை நாயக்கர்களில் மக்கள் இன்றைக்கும் பேர் சொல்லும் இரண்டு, மூன்று பேரில் அவர் ஒருவர்.

1689-ல் மங்கம்மாளின் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் அம்மை நோயில் இறந்தார். மருமகள் அப்போது கர்ப்பிணி. பேரன் பிறந்த கொஞ்ச நாளிலேயே மருமகளும் இறந்துபோனார். அந்தக் கைக்குழந்தை விஜயரங்க சொக்கநாதருக்குப் பட்டம் கட்டிவிட்டு, அவர் பெயரில் மங்கம்மாள் சுமார் 15 ஆண்டுகள் ஆட்சி செய்தார். இதைத்தான் பகர ஆட்சி என்பார்கள். முத்திரை பேரனுடையது, முடிவு பாட்டியுடையது. மதுரை ரயில் நிலையம் எதிரில் இருக்கும் மங்கம்மாள் சத்திரம் அவர் பெயரை இன்னும் சுமக்கிறது.

அந்தப் பேரன் வளர்ந்து, ஆண்டு, 1730-களின் தொடக்கத்தில் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்து அவர் மனைவி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மங்கம்மாளுக்குப் பேரன் இருந்தான். மீனாட்சிக்கு யாரும் இல்லை. அதனால் பங்காளி வீட்டைச் சேர்ந்த பங்காரு திருமலையின் மகனைத் தத்தெடுத்தார். ஆனால் பங்காரு திருமலைக்கு, மகன் ராஜாவாக இருக்கும்போது தானே ஏன் ராஜாவாகக்கூடாது என்ற எண்ணம். இந்த வீட்டுச் சண்டைக்குள் ஆற்காட்டு நவாபின் ஆட்கள் வந்தார்கள். அதில் முக்கியமானவர் சந்தா சாகிப். அவருடைய செல்வாக்கே நவாப் தோஸ்த் அலி கானின் மருமகன் என்பதில் இருந்து வந்ததுதான். இங்கேயும் ஒரு கல்யாணம்!

சந்தா சாகிப் பெருந்தொகை வாங்கிக்கொண்டு, மீனாட்சிக்குத் துணை நிற்பதாகச் சத்தியம் செய்தார். குர்ஆன் மீது செய்ததாக நம்ப வைத்துவிட்டு, துணி சுற்றிய செங்கல் மீது சத்தியம் செய்தார் என்றொரு கதையும் உண்டு. 1736-ல் திருச்சி கோட்டை அவர் கைக்குப் போனது. அவரது படை திண்டுக்கல்லைப் பிடித்துவிட்டு மதுரையை நோக்கி நகர்ந்தது. பங்காரு திருமலை எதிர்த்து நின்று தோற்ற இடம் அம்மையநாயக்கனூர்.

கொடைக்கானல் போக ரயிலில் வந்து இறங்குவீர்களே, கொடைரோடு ஸ்டேஷன், அது இருப்பது இதே அம்மையநாயக்கனூரில்தான். மதுரை நாயக்கர் ஆட்சியின் கடைசிச் சண்டைகளில் ஒன்று நடந்த மண் அது. சிறை வைக்கப்பட்ட மீனாட்சி விஷம் குடித்து உயிரை விட்டார். 200 வருஷ நாயக்கர் ஆட்சி அத்தோடு முடிந்தது.

சீரில் முளைத்த சிவகங்கை

இனி விருப்பாட்சிக்கு வந்த ராணியின் கதை. அதற்குச் சிவகங்கை எப்படி உருவானது என்று தெரிய வேண்டும்.

ராமநாதபுரத்தை ஆண்ட விஜயரகுநாத சேதுபதி, நாலுகோட்டைப் பெரிய உடையாத் தேவரின் மகன் சசிவர்ணத் தேவருக்குத் தன் மகள் அகிலாண்டேஸ்வரி நாச்சியாரைக் கட்டிக்கொடுத்தார். சீராகக் கொடுத்தது நகை, பாத்திரம் மட்டும் இல்லை. 1,000 போர் வீரர்களை வைத்துப் பராமரிக்கப் போதுமான நிலம், அதுவும் வரி இல்லாமல்! மாமனாருக்கு ஆபத்து என்றால் மருமகனின் அந்த 1,000 பேரும் வந்து நிற்பார்கள் என்பது கணக்கு.

சேதுபதிக்குப் பிறகு பட்டத்துக்குச் சண்டை வந்தது. சசிவர்ணரும் கட்டயத் தேவரும் தஞ்சாவூர் மராட்டிய மன்னரின் உதவியோடு ஜெயித்தார்கள். 1730 வாக்கில் ராமநாதபுரம் சீமை ஐந்து பங்காகப் பிரிக்கப்பட்டு, இரண்டு பங்கு சசிவர்ணருக்குக் கிடைத்தது. அதுதான் சிவகங்கைச் சீமை. பெரிய மறவர் நாடு, சின்ன மறவர் நாடு என்று இரண்டையும் பிரித்துச் சொன்னார்கள்.

பிரிந்த இரண்டு வீட்டையும் மறுபடி கட்டிப்போட்டது 1746-ல் நடந்த கல்யாணம். ராமநாதபுரம் செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் ஒரே மகள் வேலு நாச்சியார், சிவகங்கை முத்து வடுகநாதத் தேவருக்கு மனைவியானார். அப்போது அவருக்கு வயது 16. ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் ஒற்றைப் பிள்ளை என்பதால் குதிரையேற்றம், வாள் வீச்சு, சிலம்பம் எல்லாம் கற்றுக்கொடுத்து வளர்த்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

பொறந்த வீட்டுக்கு ஏன் போகவில்லை?

1772-ல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்தன. முதலில் விழுந்தது ராமநாதபுரம். அடுத்த இலக்கு சிவகங்கை. ஜூன் 25-ம் தேதி காளையார்கோவிலில் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார். சிவகங்கைக்கு நவாப் தரப்பு ‘உசேன் நகர்’ என்று பெயர் மாற்றியது.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. வேலு நாச்சியார் திரும்பிப் போக பொறந்த வீடே மிச்சம் இல்லை. புகுந்த வீடும் போய்விட்டது. ஒரு கல்யாணத்தால் சேர்ந்த இரண்டு சீமைகளும் ஒரே வருஷத்தில், ஒரே எதிரியிடம் விழுந்திருந்தன.

மகள் வெள்ளச்சி, பிரதானி தாண்டவராய பிள்ளை, தளபதிகள் பெரிய மருது, சின்ன மருது ஆகியோருடன் ராணி கிளம்பினார். வழியில் தங்களைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிரை விட்ட உடையாள் என்ற பெண்ணுக்கு, பிற்காலத்தில் ராணி தன் வைரத் தாலியையே காணிக்கையாகச் செலுத்தினார் என்பது கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலை ஒட்டி வழங்கும் செவிவழிக் கதை.

ஏன் திண்டுக்கல்?

திண்டுக்கல் அப்போது நவாப் கையிலும் இல்லை, கம்பெனி கையிலும் இல்லை. மைசூரின் பிடியில் இருந்தது. 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக வந்துதான் ஹைதர் அலி தன் செல்வாக்கை வளர்த்துக்கொண்டார். 1761-ல் மைசூரே அவர் கைக்கு வந்தது. நவாபும் கம்பெனியும் அவருக்கு ஜென்ம எதிரிகள்.

விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் ராணிக்கு அடைக்கலம் கொடுத்தார். 1772 டிசம்பர் 8-ம் தேதி தாண்டவராய பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 குதிரை வீரர்களும் 5,000 காலாட்படையினரும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கொஞ்ச காலத்தில் அவர் இறந்துபோக, ராணியே திண்டுக்கல்லில் ஹைதரைச் சந்தித்தார். உருதுவில் பேசி அவரை அசத்தினார் என்று சொல்வார்கள்.

ஹைதர் உதவி செய்தது வெறும் இரக்கத்தால் அல்ல. ராணியின் கையில் படை இல்லை, பணம் இல்லை. ஆனால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. ராமநாதபுரத்தில் பிறப்புரிமை, சிவகங்கையில் பட்டத்து ராணி என்ற உரிமை, கூடவே வாரிசாக ஒரு மகள். சிவகங்கைக் குடிகளிடம் போய், ‘உங்க ராணி வந்துட்டாங்க’ என்று சொன்னால் ஊர் பின்னால் வரும். அதை எந்தப் படையாலும் தர முடியாது. நவாபுக்கு எதிரான ஆட்டத்தில் ஹைதருக்கு அது கைக்கு வந்த துருப்புச் சீட்டு.

காத்திருப்பு எட்டு வருஷம் நீண்டது. 1780-ல் ஹைதர் கம்பெனியோடு இரண்டாம் மைசூர்ப் போரைத் தொடங்கிய அதே ஆண்டில், அவர் தந்த படையும் மருது சகோதரர்கள் திரட்டிய ஆட்களும் சேர்ந்து சிவகங்கையை மீட்டார்கள். மறுபடியும் ராணி. அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரோ, பின்னாளில் கம்பெனிக்கு எதிராகப் பாளையக்காரர்களைத் திரட்டி 1801-ல் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 24-ல் மருது சகோதரர்களுக்குத் திருப்பத்தூரில் தூக்கு.

வெள்ளச்சியின் கல்யாணம்

விருப்பாட்சியில் வளர்ந்த சிறுமி வெள்ளச்சி என்ன ஆனார்? 1793 வாக்கில் அவருக்கும் வெங்கண் பெரிய உடையாத் தேவருக்கும் கல்யாணம் நடந்தது. வெள்ளச்சி கொஞ்ச நாளிலேயே இறந்துவிட்டார். ஆனால் கல்யாணம் தந்த பட்டம் மருமகனிடமே இருந்தது. வேலு நாச்சியார் 1796 டிசம்பர் 25-ல் இறந்தார். போராட்டம் ஒடுக்கப்பட்ட பிறகு 1802-ல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களில் அந்த மருமகனும் ஒருவர்.

மீட்ட ராஜ்ஜியம் பெண் வழியில் போகவில்லை. பெண்ணைக் கட்டியவர் வழியில் போனது.

கடல் தாண்டியும் இதே கதைதான்

இதெல்லாம் நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. மத்தியதரைக் கடலைச் சுற்றி இருந்த ராஜ்ஜியங்களிலும் இதே கணக்குதான் ஓடியது.

ஸ்பெயினின் அரகான் ராஜ்ஜியத்தில் 1137-ல் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பெண் பெட்ரோனிலாவுக்கு வயது ஒன்று. மாப்பிள்ளை, பார்சிலோனாவை ஆண்ட ரமோன் பெரெங்கர். 1150-ல்தான் கல்யாணம். ஆனால் நிச்சயம் முடிந்ததுமே மாப்பிள்ளை அரகானை ஆளத் தொடங்கிவிட்டார். 1164-ல் பெட்ரோனிலா மகனுக்கு ராஜ்ஜியத்தை விட்டுக்கொடுத்தார். மகன் காலத்தில் இரண்டு நாடும் ஒன்றானது.

சிசிலியில் கான்ஸ்டன்ஸ் கதை மங்கம்மாளுக்குப் பக்கத்தில் வரும். 1186-ல் ஜெர்மன் பேரரசரின் மகன் ஹென்றியை மணந்தார். சிசிலி மன்னர் வாரிசு இல்லாமல் இறக்க, அத்தை முறையான கான்ஸ்டன்ஸின் பெயரில் ஹென்றி உரிமை கோரினார். 1194 டிசம்பரில் ஹென்றி பலெர்மோவில் முடிசூட்டிய மறுநாள், 40 வயதில் கான்ஸ்டன்ஸுக்கு மகன் பிறந்தான். 1197-ல் கணவர் இறக்க, அடுத்த வருஷமே மூன்று வயது மகனுக்கு முடிசூட்டி அவன் பெயரில் ஆண்டார். அந்த ஆண்டே தானும் இறந்தார். மகன் பிற்காலத்தில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் ஆனார்.

ஒற்றுமை தெரிகிறதா? பெண் மூலமாக உரிமை கைமாறும். அந்த உரிமையை வைத்து ஆள்வது பெரும்பாலும் கணவனோ மகனோதான். ராணி நேரடியாக ஆள வேண்டுமென்றால், கணவன் இறந்திருக்க வேண்டும், வாரிசு குழந்தையாக இருக்க வேண்டும்.

வாள் போய் வழக்கு வந்தது

கம்பெனி 1801-ல் சிவகங்கையை கௌரி வல்லபத் தேவருக்கு ஜமீனாகக் கொடுத்தது. 1829-ல் அவர் மகன் இல்லாமல் இறந்தார். அண்ணன் வழி ஆண் வாரிசுகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மனைவிமார்களும் மகள்களும் கோர்ட்டுக்குப் போனார்கள்.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863-ல் தீர்ப்பு வந்தபோது, ஜெயித்தது மகள் கட்டம நாச்சியார். ஜமீன் என்பது பரம்பரைச் சொத்தாக வராமல், கௌரி வல்லபர் தானே அடைந்த தனிச்சொத்து. அதனால் கூட்டுக் குடும்பமாகவே இருந்தாலும், மகன் இல்லாத நிலையில் அது மனைவிக்கும் பிறகு மகளுக்கும் போகும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அப்பா இறந்து 34 வருஷம் கழித்து கிடைத்த நீதி. இந்து வாரிசுரிமைச் சட்டம் படிக்கிறவர்கள் ‘சிவகங்கை வழக்கு’ என்று இதை இன்றும் படிக்கிறார்கள்.

ஆனாலும் மகள் ஜெயித்தது, அது ‘தனிச்சொத்து’ என்பதால்தான். பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தால் தோற்றிருப்பார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் சொன்னது 1989-ல். அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்கு அதிலும் பங்கு இல்லை. அந்தத் தடையும் இல்லாமல் நாடு முழுக்க அந்த உரிமை வந்தது 2005-ல்.

வேலு நாச்சியாருக்கு 2008-ல் தபால் தலை வெளியானது. இன்றைக்கு அவர் பெயர் பாடப் புத்தகத்தில், மேடைப் பேச்சில், போஸ்டரில் எல்லாம் இருக்கிறது. ‘வீரமங்கை’ என்ற ஒரு சொல்லில் அந்த எட்டு வருஷம் மறைந்துவிடுகிறது. போக வீடு இல்லாத ஒரு தாயும் மகளும், யாரோ ஒருவரின் பாளையத்தில், அடுத்த கடிதத்துக்குப் பதில் வருமா என்று காத்திருந்த காலம் அது. அடுத்த தடவை பழனி பஸ்ஸில் விருப்பாட்சி ஸ்டாப் வந்தால், ஜன்னல் வழியே ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.